விடுப்பும் ஆவலும்: பௌதிகவியல் படிக்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, நீர் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறீர். அப்பா பொறியியல் என்கிறார். உமக்குப் பௌதிகவியல் பிடிக்கும். அறியும் ஆவல் ஒன்றை நம்பி ஒரு தொழிலை அமைத்துக்கொள்ள முடியுமா, அப்படி வாழ்ந்தால் மனம் நிறையுமா என்பது உம்முடைய கேள்வி. பல்கலைக்கழகத்தில் 34 வருடம் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்று, இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

எங்கள் ஊர்ப் பேச்சில் 'விடுப்பு' என்று ஒரு சொல் உண்டு. பக்கத்து வீட்டு வாசலில் வான் வந்து நின்றால் யன்னல் சீலையை விலக்கிப் பார்க்கச் சொல்லும் குணம் அது. யார் வந்தார்கள் என்று தெரிந்ததும் சீலை மூடிவிடும். பௌதிகவியலாளரிடம் இருக்கும் ஆவலும் தொடக்கத்தில் விடுப்புப் போலத்தான் தோன்றும். வேறுபாடு பிறகு தெரியும். விடை கிடைத்ததும் சீலையை மூட அவரால் முடியாது. "அப்படியென்றால் இது ஏன்?" என்று அடுத்தது கிளம்பிவிடும். உம்மிடம் இருப்பது எது என்று நீரே பார்த்துக்கொள்ளும். கருந்துளை பற்றிய காணொளிகளை இரவிரவாகப் பார்ப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு சின்ன விடயம் பொருந்தாமல் நின்றபோது அதை எத்தனை நாள் சுமந்து திரிந்தீர் என்று எண்ணிப் பாரும்.

எனக்கு அது ரயில் ஊதலில் தொடங்கியது. பத்து வயதில் பம்பலப்பிட்டியில் வாய்ப்பாட்டு வகுப்பு. முடிந்ததும் அம்மாவும் நானும் கடற்கரைத் தண்டவாளத்தை ஒட்டி நடந்து வீட்டுக்கு வருவோம். ஊதிக்கொண்டு வரும் ரயில் எங்களைக் கடக்கும் கணத்தில் ஊதல் சட்டென்று ஒரு படி இறங்கும். சுரங்கள் வாயிலேயே இருந்த காலம் என்பதால் 'ரி'யிலிருந்து 'ச'வுக்கு இறங்குவதாகவே எனக்குக் கேட்டது. சில ரயில்கள் அவ்வளவு இறங்குவதில்லை. நிலையத்தில் நின்றபடி ஊதும் ரயில் இறங்குவதே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "ஊதுகிறவர் கையை எடுக்கிற விதம்" என்றார். அது எனக்குப் பொருந்தவில்லை. எல்லா ஓட்டுநர்களும் சரியாக என் முன்னால் வரும்போதா கையை எடுப்பார்கள்?

எட்டு வருடம் கழித்து உயர்தர வகுப்பில் தொப்ளர் விளைவு வந்தது: ஒலி எழுப்புவது நெருங்கும்போது சுருதி ஏறியும் விலகும்போது இறங்கியும் கேட்கும். சூத்திரத்தை எழுதிக்கொண்டு வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது. அன்று இரவு நான் கணக்கைப் பின்பக்கமாகச் செய்து பார்த்தேன். ரயில் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், நெருங்கும்போது கேட்கும் மீடிறனுக்கும் (ஒலி ஒரு செக்கனில் அதிரும் தடவை) விலகும்போது கேட்கும் மீடிறனுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1.12. சதுசுருதி ரிஷபம் என்ற 'ரி'க்கும் சட்ஜம் என்ற 'ச'வுக்கும் உள்ள விகிதம் ஒன்பதுக்கு எட்டு, அதாவது 1.125. என் காது சரியாகத்தான் கேட்டிருந்தது. மெதுவாக வரும் ரயில் ஏன் குறைவாக இறங்கியது என்பதற்கும் அதே வரியில் விடை இருந்தது. அந்த இரவு அடைந்த மகிழ்ச்சியைப் பிற்காலத்தில் பட்டமோ பதவியோ எனக்குத் தரவில்லை. பிறகு இன்னொன்று படித்தேன். தொப்ளர் 1842இல் சொன்னதை 1845இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகருக்கு அருகே பைஸ் பலோட் என்பவர் சோதித்தார். ரயிலில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி அனுப்பி, பாதையோரத்தில் சுருதி ஞானம் உள்ளவர்களை நிறுத்திக் கேட்கவைத்தார். கருவிகள் இல்லாத காலத்தில் இசை பழகிய காதே கருவி. எனக்கு அவர் உறவுக்காரர் போலத் தோன்றினார்.

ரயிலின் கதை முடிந்தது. ஆவல் முடியவில்லை. நட்சத்திர ஒளியிலும் இதே விளைவு உண்டென்றால் அது நகரும் வேகத்தை அளக்கலாம். குருதியில் பட்டுத் திரும்பும், காதுக்குக் கேட்காத கழியொலியில் இதே விளைவு உண்டென்றால் இதயத்தைத் திறக்காமலே குருதி ஓடும் வேகத்தை அளக்கலாம். காற்றில் போகும் ஒலி இப்படியென்றால் திண்மத்துக்குள் போகும் ஒலி எப்படி? கடைசிக் கேள்விதான் என்னுடைய கலாநிதிப் பட்ட ஆய்வானது. தொழிலை நான் திட்டமிடவில்லை. ஒரு கேள்வி அடுத்ததிடம் கொண்டுபோய் விட்டது, அவ்வளவுதான்.

கொழும்பில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு தடை இருக்கிறது. காலி வீதியின் இருபுறமும் உள்ள தனியார் வகுப்புகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் நான் பழிக்கமாட்டேன். கணக்கில் கை ஓடுவதற்கு அந்தப் பயிற்சி வேண்டும். ஆனால் அது ஒரு நம்பிக்கையையும் சேர்த்தே ஊட்டிவிடுகிறது: எந்தக் கேள்விக்கும் எங்கேயோ ஒரு புள்ளியிடும் திட்டம் இருக்கிறது என்ற நம்பிக்கை. முதலாம் வருட ஆய்வுகூடத்தில் ஊசல் பரிசோதனை செய்யும் மாணவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு வரவேண்டும்?" என்பதுதான். புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.81 என்று பாடப்புத்தகத்தில் இருப்பதால் அளவீடுகளை அங்குமிங்கும் தட்டி 9.81ஐ எழுதிக்கொடுத்துவிடுவார்கள். ஒரு வருடம் ஒரு மாணவி கண்கலங்கி வந்தாள். நூறு அலைவுகள் வீதம் மூன்று நாள் எண்ணியும் 9.78தான் வருகிறது, எங்கே பிழைவிட்டேன் என்று தெரியவில்லை என்றாள். அவள் பிழைவிடவில்லை. கொழும்பின் பெறுமானம் 9.78தான். மத்திய கோட்டுக்கு அருகில் இருக்கிறோம், பூமி இடுப்பில் பருத்திருக்கிறது, சுழற்சியும் இங்கேதான் அதிகம் தூக்குகிறது. வகுப்பில் 9.81 எழுதிய அத்தனை பேரும் ஐரோப்பாவின் பெறுமானத்தைக் கொழும்பில் அளந்ததாக எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளை பிறகு நல்ல பரிசோதனை விஞ்ஞானியானாள். எனக்கு அதில் வியப்பில்லை. தன் கண் கண்டதைப் புத்தகத்துக்காக மாற்றாத நேர்மை இருந்தால்தான் ஆவலுக்கு வேலை இருக்கும்.

இனி உம்முடைய முதல் கேள்வி, தொழில். சி. வி. ராமனைப் பற்றி நீர் படித்திருப்பீர். ஆனால் நோபல் பரிசிலிருந்து தொடங்கிப் படித்திருப்பீர். நான் 1907இலிருந்து பார்க்கச் சொல்வேன். அந்த வருடம் அவர் கல்கத்தாவில் அரசின் நிதித் துறையில் அதிகாரியாகச் சேர்ந்தார். பௌதிகவியலால் பிழைக்க வழியில்லாத காலம். பௌபஜார் வீதியில் இருந்த இந்திய விஞ்ஞான விருத்திச் சங்கத்தின் ஆய்வுகூடத்துக்கு அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் போய்ப் பத்து வருடத்தின் பெரும்பகுதியில் இப்படியே ஆய்வு செய்தார். 1917இல்தான் பல்கலைக்கழகப் பேராசிரியரானார், அதுவும் நல்ல சம்பளமுள்ள பதவியை விட்டுவிட்டு.

1921இல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலத்தைக் கடல் பிரதிபலிக்கிறது என்பது ரேலி பிரபுவின் விளக்கம். பெரிய மனிதர் சொல்லிவிட்டாரே என்று ராமன் விடவில்லை. தெறித்து வரும் ஒளியை வடிகட்டக்கூடிய நிக்கோல் அரியம் என்ற பளிங்கைக் கண்ணில் வைத்து, நீர்ப்பரப்பில் தெறித்து வரும் வான ஒளியை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது. அந்தச் சிதறலைத் தொடர்ந்துபோய் 1928 பெப்ரவரி 28 அன்று ராமன் விளைவில் முடிந்தது: சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. கப்பலில் எழுந்த கேள்விக்கும் அந்த நாளுக்கும் இடையே ஏழு வருடம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய மிருதங்க ஆய்வு. சாதாரணப் பறைத் தோலில் எழும் மேற்சுரங்கள் அடிப்படை மீடிறனின் முழு எண் மடங்குகளாக அமையாது, 1.59, 2.14 என்று தாறுமாறாக வரும். அதனால்தான் பறையை எந்தச் சுருதியில் அடிக்கிறார்கள் என்று சொல்வது கடினம். மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் அப்பியிருக்கும் கறுப்புக் கரணை அந்தத் தாறுமாறை ஒழுங்காக்கி, முழு எண் மடங்குகளுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ராமன் 1920இல் இதை வெளியிட்டார். பெயர் தெரியாத எங்கள் கைவினைஞர்கள் காதை மட்டும் நம்பிக் கண்டுபிடித்ததை ஒரு பௌதிகவியலாளர் விளக்கிச் சொன்னார். எத்தனை கச்சேரியில் எத்தனை பேர் மிருதங்கம் கேட்டிருப்பார்கள்!

எங்களுக்கு இன்னும் நெருங்கிய ஒருவர் உண்டு. பேராசிரியர் சி. ஜே. எலியேசர், இலங்கைத் தமிழர், கேம்பிரிட்ஜில் குவாண்டம் பௌதிகவியலின் முன்னோடி டிராக்கின் மாணவர். பழைய பௌதிகவியலின்படி புரோத்தனை நோக்கி நேரே விழும் இலத்திரன் அதில் போய் மோத வேண்டும் என்றுதான் எவரும் சொல்வார்கள். கதிர்வீசும் இலத்திரன் தன்மீதே ஏற்படுத்தும் எதிர்த்தாக்கத்தையும் சேர்த்துக் கணித்த எலியேசர், அது மோதாது, திரும்பி ஓடிவிடும் என்று 1943இல் காட்டினார். சமன்பாடு இப்படி விபரீதமாக நடந்தால் கோளாறு எங்கே என்ற விவாதம் அதிலிருந்து நீண்டது. அவர் பிறகு கொழும்பில் கணிதப் பேராசிரியராக இருந்தார். அதே கொழும்பில் ஏ. டபிள்யூ. மயில்வாகனம் பௌதிகவியல் பேராசிரியராகவும் விஞ்ஞான பீடாதிபதியாகவும் இருந்தார். இந்தப் பெயர்கள் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது எனக்குத் தாங்கமுடியாத கவலை.

ஆவல் இருந்தால் வேலை சலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நிறையச் சலிக்கும். என் ஆய்வின் இரண்டாம் வருடத்தில் அளவீட்டில் ஓர் அதிர்வு மாலை நேரங்களில் மட்டும் தலைகாட்டியது. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு வாரம் நித்திரை இல்லை. பிறகு ஐந்து வாரம் கம்பிகளைக் கழற்றுவதும் பூட்டுவதும். கடைசியில் அது கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார். அந்த ஐந்து வாரத்தையும் தாங்கவைத்தது ஆவல்தான், ஆனால் அது இனிக்கவில்லை. பல் வலிபோல இருந்தது. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பென்சியாஸும் வில்சனும் அன்டெனாவில் ஓயாமல் கேட்ட இரைச்சலோடு இதே பாடுதான் பட்டார்கள். புறா எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய இரைச்சல் பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்து வந்தது. என்னுடையது லிஃப்டிலிருந்து வந்தது. தேடும்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது என்பதை உள்ளே வரும் முன்பே நீர் அறிந்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். இலங்கையில் பௌதிகவியல் ஆய்வாளருக்கான இடங்கள் குறைவு. சிறப்புப் பட்டம் நான்கு வருடம். அதன் பிறகு ஆய்வில் தொடர நினைப்பவர்களில் பலர் வெளிநாடு போக வேண்டியிருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பௌதிகவியல் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்பவர்கள் பெரும்பாலும் கட்டணம் கட்டுவதில்லை, கற்பித்தலில் உதவி செய்து மாதப்படி பெறுவார்கள். எங்களைப் போன்ற நாடுகளின் மாணவர்களை மனத்தில் வைத்துப் பாகிஸ்தானியப் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் திரியஸ்தேயில் தொடங்கிய கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையமும் இருக்கிறது. அங்கே போய்வந்த எங்கள் பிள்ளைகளின் கண்ணில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு வெளியேயும் வேலை உண்டு. மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலை போன்ற இடங்களில் கதிர்ச் சிகிச்சையின் அளவைக் கணிப்பவர் மருத்துவப் பௌதிகவியலாளர். வளிமண்டலவியல் இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது, பாடசாலை இருக்கிறது. என் மாணவர்களில் மிக மகிழ்ச்சியாக இருப்பவர் யார் என்று கேட்டால், மலையகத்தில் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒருவரைத்தான் சொல்வேன்.

அப்பாவைக் கோபிக்க வேண்டாம். கொழும்பில் ஒரு தமிழ்த் தகப்பன் 'நிலையான தொழில்' என்று சொல்லும்போது அதற்குப் பின்னால் 1983 ஜூலைக் கலவரம் இருக்கிறது. ஒரே நாளில் கடையையும் வீட்டையும் இழந்தவர்களுக்கு, எந்த நாட்டுக்கும் கொண்டுபோகக்கூடிய சொத்தாகக் கடைசியில் மிஞ்சியது பட்டம்தான். அந்த அச்சத்தை அற்பமாக நினைத்துப் பேசினால் உரையாடல் அங்கேயே முறிந்துவிடும். எனக்கும் நடந்தது. பெண்பிள்ளைக்குப் பௌதிகவியல் எதற்கு என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து வந்தது. நான் செய்தது, சம்பளத்தோடு படிக்கும் வழி இன்னது என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தது. அவர் மூன்று நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நான்காம் நாள் சம்மதித்தார்.

பொறியியல் பீடம் கிடைத்து, வீட்டு நிலைமை அதைத்தான் கேட்கிறது என்றால் போய்ப் படியும். அதனால் உமக்குள் இருப்பது செத்துவிடாது. ராமனின் அந்தப் பத்து வருடம் அதற்குச் சாட்சி. ஆனால் பௌதிகவியலுக்குப் போகவும் வழியிருந்து, ஆவலும் இருந்து, ஊர் என்ன சொல்லும் என்பதற்காக மட்டும் விட்டுவிடுவது வேறு. அதைச் செய்தவர்கள் ஐம்பது வயதில் வந்து என்னோடு பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுகள் எனக்கு மறக்காது.

மனநிறைவுக்கு வருகிறேன். சுப்பிரமணியன் சந்திரசேகர் 19 வயதில், 1930இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும்போது, குளிர்ந்து சுருங்கும் நட்சத்திரத்துக்கு ஓர் எல்லைத் திணிவு உண்டு என்று கணித்தார். அதைத் தாண்டினால் அது வெண்குறளியாக, அதாவது எரிந்து தீர்ந்த சின்ன, அடர்ந்த நட்சத்திரமாக, நிற்க முடியாது. 1935இல் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் சபை நடுவே அதை ஏளனம் செய்தார். சந்திரசேகர் சண்டையை வளர்க்கவில்லை. அதுவரை செய்ததை ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம், கதிர்வீச்சு, பாய்மங்களின் நிலைப்பு, கடைசியில் கருந்துளை. சில வருடங்களுக்கு ஒருமுறை மாணவனாக மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார், முடிவில் ஒரு நூல் எழுதுவார். நோபல் பரிசு 1983இல் வந்தது, 53 வருடம் கழித்து. பரிசுக்காகக் காத்திருந்தவர் என்றால் அந்த 53 வருடமும் பாழ். அவருக்கு ஒரு வருடமும் பாழாகவில்லை. ஏற்பும் ஏளனமும் பிறர் கையில் இருக்கின்றன, அடுத்த கேள்வி என் கையில் இருக்கிறது என்பதை நான் அவரிடம் கற்றேன்.

என் வாழ்க்கையிலிருந்து ஒன்று. கொழும்பும் யாழ்ப்பாணமும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன. இரண்டு இடத்து நண்பகலுக்கும் இடையே ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் தெற்கிலிருந்து வடக்காக நாட்டின் ஒவ்வோர் ஊருக்கும் உச்சம் கொடுத்துக்கொண்டு போகும், பத்திரிகையில் பார்த்திருப்பீர். கொழும்புக்கு 7ஆம் திகதி அளவில், யாழ்ப்பாணத்துக்குச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி. இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் நிழலை அளந்தால், பழைய கிரேக்க அறிஞர் எரத்தோஸ்தெனிஸ் எகிப்தில் செய்ததைப் போலப் பூமியின் சுற்றளவைச் சொல்லிவிடலாம். இரண்டு நிழலும் காட்டும் கோண வித்தியாசம் 360 பாகையில் என்ன பங்கோ, இரண்டு ஊருக்கும் இடையிலான தூரம் சுற்றளவில் அதே பங்கு. மாணவியாக இருந்த காலத்திலேயே எனக்கும் யாழ்ப்பாணத்தில் இருந்த அக்காவுக்கும் இந்த ஆசை. தொண்ணூறுகளில் அங்கே தொலைபேசியும் இல்லை, மின்சாரமும் இல்லை. பிறகு தொலைபேசி வந்தபோது நிழலளக்கும் மனநிலை யாருக்கும் இல்லை. சில வருடங்களுக்கு முன்புதான், அக்காவின் பதினொரு வயதுப் பேரன் உதவியோடு, அது கைகூடியது.

ஏப்ரல் 7, நண்பகல் 12.12. என் மொட்டைமாடியில் நிழல் இல்லை. அங்கே ஒரு மீற்றர்த் தடிக்கு 5.3 சென்ரிமீற்றர் என்றான் பையன். பஸ் ஓடும் தூரம் 400 கிலோமீற்றர் என்று போட்டுச் சுற்றளவு 47,500 கிலோமீற்றர் என்று கணித்தான். உண்மை 40,000. நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் அவனே அழைத்தான். "அம்மம்மா, பஸ் வளைந்து வளைந்துதானே வருகிறது!" வரைபடத்தில் அடிமட்டம் வைத்து 310 என்று எடுத்தான். இப்போது விடை 36,800, மறுபக்கம் பிழைத்தது. தூரம் சரியென்றால் நிழலில்தான் கோளாறு. சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமான தட்டு. அதனால் நிழலின் நுனி ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மங்கியிருக்கும், எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. அவன் ஒரு வாரம் யோசித்தான். மட்டையில் ஊசித்துளை போட்டு, துளைக்கு நேர் கீழே தூக்குக்குண்டு தொங்கவிட்டால், தரையில் சூரியனின் சின்ன வட்டம் விழும், அதன் மையத்தை அளக்கலாம் என்று சொன்னான். புத்தாண்டுக்கு அடுத்த நாள் முறை மாறியது. அவனுடைய வட்டம் குண்டின் நேர் கீழே விழுந்தது, என்னுடையது தெற்கே தள்ளி விழுந்தது. 4.9 சென்ரிமீற்றர். அவன் கணித்துச் சொன்ன விடை 39,800.

அக்கா தொலைபேசியை வாங்கி வெகுநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "ரெண்டு பேரும் ஒரே வெயிலுக்குக் கீழதான் இருந்திருக்கிறம்" என்றா.

பையன் இப்போது அடுத்ததில் நிற்கிறான். மட்டக்களப்பில் எங்களுக்கு உறவினர் இருக்கிறார்கள். அங்கே நண்பகல் கொழும்பைவிட ஏழு நிமிடம் முந்தி வரும். நிழல் வேண்டாம், அந்த ஏழு நிமிடத்தை மட்டும் வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணிக்க முடியுமா, முடிந்தால் ஏன் அது வடக்குத் தெற்காகக் கணித்ததைவிடச் சற்றுக் குறைவாக வரவேண்டும் என்று கேட்டிருக்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பெறுபேறு வரும்வரை உமக்கும் நேரம் இருக்கிறது, பாரும்.